கடைசி நாட்கள்ல என்ன பண்ணலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தத் தடவை வந்த கடிதங்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் கேக்குது. "இனிமே குணப்படுத்த வழியில்ல"ன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, அதுக்கப்புறம் கூட இருக்கறவங்க என்ன பண்றது, மசாஜ், வாசனை எண்ணெய், பாட்டு, தொடு சிகிச்சைன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்களே, அதெல்லாம் நிஜமாவே உதவுமா? நான் பாலியேட்டிவ் கேர் நர்ஸ். கடைசி கட்டத்துல இருக்கறவங்களைப் பாத்துக்கறதுதான் என் வேலை. எனக்குத் தெரிஞ்சதை நேராவே சொல்றேன். எழுதினவங்க பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால போடல.

கேள்வி: அப்பாவுக்கு கணையத்துல கேன்சர். இன்னும் சில வாரம்தான்னு சொல்லிட்டாங்க. மசாஜும் அரோமாதெரபியும் (வாசனை எண்ணெய் சிகிச்சை) பண்ணா நல்லா இருக்கும்னு ஒருத்தர் சொல்றாரு. அண்ணன் "அதெல்லாம் ஏமாத்து வேலை, கடைசி நேரத்துல காசு புடுங்கறாங்க"ன்னு திட்றான். யார் சொல்றது சரி சிஸ்டர்?

ரெண்டு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்குங்க. மசாஜ் பண்ணி கட்டி கரையும்னு யாராவது சொன்னா உங்க அண்ணன் பக்கம் நில்லுங்க. மசாஜ் பண்ணா அப்பா அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் நிம்மதியா இருப்பாருன்னு சொன்னா, அந்த ஒருத்தர் சொல்றது நம்பலாம். இது ரெண்டும் வேற வேற பேச்சு.

2008ல வெளியான ஒரு ஆய்வு இருக்கு. முத்தின கேன்சர்ல இருக்கற 380 பேரை ரெண்டு குழுவா பிரிச்சாங்க, ஒரு குழுவுக்கு முறையா மசாஜ், இன்னொரு குழுவுக்கு சும்மா உடம்புல சில இடத்துல மெதுவா கையை வெச்சுக்கிட்டு இருக்கறது மட்டும். மசாஜ் முடிஞ்ச உடனே பாத்தா வலியும் மனநிலையும் மசாஜ் குழுவுலதான் அதிகமா தேறியிருந்துச்சு. ஆனா ரெண்டு மூணு வாரக் கணக்குல பாத்தப்போ ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டுலயுமே கொஞ்சம் தேறியிருந்தாங்க. இதை வெச்சு "பாத்தியா பலன் நிக்கல"ன்னு சிலர் சொல்லுவாங்க. நான் அப்படிப் பாக்கல. சில வாரமே இருக்கற ஒருத்தருக்கு, வலி குறைஞ்ச ஒரு மணி நேரங்கறது சின்ன விஷயமா? அதோட, சும்மா கை வெச்சதுக்கே கொஞ்சம் பலன் தெரிஞ்சதுன்னா, அதைச் செய்ய நிபுணர்தான் வேணும்னு இல்லயே, நீங்களே போதும்.

லண்டன்ல 1967ல செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸை (ஹாஸ்பிஸ்னா கடைசி கட்டத்துல இருக்கறவங்களைப் பாத்துக்கற இடம்) ஆரம்பிச்ச சிசிலி சாண்டர்ஸ், முதல்ல நர்ஸ், அப்புறம் சமூகப் பணியாளர், அதுக்கப்புறம்தான் டாக்டருக்குப் படிச்சாங்க. சாகப்போறவங்களோட வலியில உடம்பு வலி ஒரு பங்குதான், பயம், வீட்டைப் பத்தின கவலை, "நான் ஏன் வாழ்ந்தேன்"ங்கற கேள்வி எல்லாம் சேந்துதான் மொத்த வலின்னு அவங்க சொன்னாங்க. உடம்பு வலிக்கு மருந்து இருக்கு. மத்த பங்கெல்லாம் இருக்கே, அங்கதான் கை, குரல், பாட்டு, வாசனை இதுக்கெல்லாம் இடம். மருந்தோட கூடத்தான், மருந்துக்குப் பதிலா இல்ல. இந்த ஒரு வரியை உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க, அவரும் ஒத்துக்குவாருன்னு நினைக்கிறேன்.

கேள்வி: மசாஜ் பண்ணா கேன்சர் உடம்பு பூரா பரவிடும்னு சொந்தக்காரங்க பயமுறுத்தறாங்க. அம்மாவோட காலை அமுக்கி விடக்கூட பயமா இருக்கு.

மெதுவா தடவி விடறதால கேன்சர் பரவாது. இந்தப் பயத்துல எத்தனையோ பேர் சொந்த அம்மாவைத் தொடாமலே தள்ளி உக்காந்திருக்காங்க, அதைப் பாக்கறதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம்.

ஆனா கவனிக்க வேண்டியது இருக்கு. கட்டி இருக்கற இடத்து மேல அமுக்கக்கூடாது. எலும்புல கேன்சர் இருந்தா அந்த எலும்பு லேசா அழுத்தினாலே முறியலாம், அங்க கையே வைக்காதீங்க. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி, சூடா, செவந்து இருந்தா உள்ள ரத்தக்கட்டி இருக்கலாம், அந்தக் காலைத் தேய்க்கவே கூடாது, உடனே டாக்டர்கிட்ட சொல்லணும். ரத்தத்தை உறைய வைக்கற பிளேட்லெட் அணு கம்மியா இருந்தா லேசா அழுத்தினாக்கூட ரத்தம் கன்னிப் போயிடும். ரேடியேஷன் குடுத்த தோல், புண், டியூப் போட்ட இடம் இதெல்லாம் விட்டுடுங்க. அமுக்கறதுங்கற வேலையே வேண்டாம், தடவறது போதும்.

நான் வீட்டுக்காரங்களுக்கு முதல்ல சொல்லித் தர்றது கை மசாஜ்தான், ஏன்னா துணியைக் கழட்ட வேண்டாம், திரும்பிப் படுக்க வேண்டாம், யாருக்கும் கூச்சமும் இல்ல. உங்க கையை வெதுவெதுப்பான தண்ணியில கழுவி நல்லா தொடைச்சுக்கங்க, மோதிரம் வளையல் கழட்டிடுங்க, நகத்தை வெட்டிடுங்க. அம்மா கைக்கு அடியில ஒரு சின்னத் தலையணை. "அம்மா, கையைத் தடவி விடட்டுமா"ன்னு கேட்டுட்டுத்தான் தொடணும், மயக்கமா இருந்தாலும் கேக்கணும். வாசனை இல்லாத எண்ணெய் நாலஞ்சு சொட்டு உங்க உள்ளங்கையில விட்டு சூடாக்கிட்டு, முதல்ல ஒண்ணும் பண்ணாம அவங்க கையை உங்க ரெண்டு கைக்குள்ள சும்மா வெச்சுக்கங்க. அவங்க மூச்சு எந்த வேகத்துல போகுதுன்னு பாருங்க. அப்புறம் மணிக்கட்டுல இருந்து விரல் நுனி வரைக்கும் நீளமா மெதுவா தடவுங்க, ஒவ்வொரு விரலா, கடைசியா உள்ளங்கையில கட்டை விரலால சின்ன வட்டம். ஒரு கைக்கு அஞ்சு நிமிஷம் போதும். பேசணும்னு அவசியம் இல்ல. டிவியை ஆஃப் பண்ணிடுங்க, போனை வேற ரூம்ல வெச்சுடுங்க.

எப்போ நிறுத்தறது? நெத்தி சுருங்குச்சா, கையை இழுத்துக்கிட்டாங்களா, மூச்சு வேகமாச்சா, நிறுத்திடுங்க. தோள் தளந்து தாடை லேசாச்சுன்னா அவங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். இந்த முகத்தைப் படிக்கறதுதான் இதுல பாதி வேலை, அது வந்து போற தெரபிஸ்ட்டை விட கூடவே இருந்த உங்களுக்குத்தான் நல்லா வரும்.

கேள்வி: எந்த எண்ணெய் நல்லது? லாவெண்டர் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா லாவெண்டர்ல மந்திரம் எதுவும் இல்ல. அரோமாதெரபி பத்தின ஆய்வுகள் பெரும்பாலும் சின்னது, முடிவும் ஒண்ணோடொண்ணு ஒத்துப் போகல. அதனால என் கேள்வி வேற: உங்க ஆளுக்கு எந்த வாசனை பிடிக்கும்? அவங்களுக்குப் பிடிச்சதுதான் சரியான எண்ணெய். குமட்டல் இருக்கறவங்களுக்கு எந்த வாசனையும் வாந்தியைக் கிளப்பும், நேத்து பிடிச்சது இன்னைக்குப் பிடிக்காமப் போகும். அதனால ரூம் பூரா பரவற மாதிரி டிஃப்யூசர் வைக்கறதை விட, ஒரு பஞ்சுல ஒரு சொட்டு விட்டுப் பக்கத்துல வைங்க, வேண்டாம்னா உடனே எடுத்துடலாம். தோல்ல நேரடியா அந்தச் செறிவான எண்ணெயைத் தடவவே கூடாது, சாதா எண்ணெயில ரொம்ப ரொம்பக் கொஞ்சமா, 1 சதவீதத்துக்கு மேல போகாம கலக்கணும். குடிக்கக் குடுக்கவே கூடாது. ஆஸ்துமா இருந்தா வேண்டாம். ஆக்சிஜன் ஓடுற ரூம்ல மெழுகுவத்தி, ஊதுவத்தி, நெருப்பு வெச்சு சூடாக்கற எண்ணெய் விளக்கு எதுவும் கூடவே கூடாது, தீப்பிடிச்சுடும்.

கேள்வி: மாமியாருக்கு ராத்திரி பூரா வலி. டாக்டர் மார்ஃபின் எழுதிக் குடுத்திருக்காரு. ஆனா வீட்ல பெரியவங்க "மார்ஃபின் ஆரம்பிச்சா அவ்வளவுதான், ஆளைச் சீக்கிரம் அனுப்பிடும், அதுக்குப் பதிலா ரெய்க்கி (உடம்பு மேல லேசா கையை வெச்சோ, தொடாம நீட்டியோ பண்ற சிகிச்சை) பண்ணலாம்"ன்னு சொல்றாங்க. பாட்டில் அப்படியே திறக்காம இருக்கு. நான் மருமக, எதிர்த்துப் பேசவும் முடியல.

இந்தக் கடிதத்தைப் படிச்சதும் மத்த எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு இதுக்குத்தான் முதல்ல பதில் எழுதினேன். இன்னைக்கே டாக்டருக்கோ நர்ஸுக்கோ போன் பண்ணி, எழுதிக் குடுத்த அளவையும் நேரத்தையும் இன்னொரு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டு, அந்த பாட்டிலைத் திறங்க.

மார்ஃபினைக் கொஞ்ச அளவுல ஆரம்பிச்சு வலிக்கு ஏத்த மாதிரி படிப்படியா ஏத்தினா அது ஆயுசைக் குறைக்காது. மார்ஃபின் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல ஒருத்தர் இறந்து போனதைப் பாத்தவங்க மருந்துதான் கொன்னுச்சுன்னு நினைக்கறாங்க. நோய் முத்தினதாலதான் வலி ஏறுச்சு, வலி ஏறினதாலதான் மார்ஃபின் குடுத்தாங்க, அந்த நோய்தான் அவங்களைக் கொண்டு போச்சு. அடிமையாயிடுவாங்கங்கற பயமும் இந்தக் கட்டத்துல தேவையே இல்ல. முதல் ரெண்டு மூணு நாள் தூக்கக் கலக்கமா இருப்பாங்க. அதுல பாதி, பல நாளா வலியில தூங்காததைத் தூங்கித் தீக்கறது. அப்புறம் அது பெரும்பாலும் குறைஞ்சிடும். மலச்சிக்கல் மட்டும் குறையவே குறையாது, அதனால மார்ஃபின் ஆரம்பிக்கற அன்னைக்கே மலமிளக்கியும் கேட்டு வாங்கிடுங்க, எத்தனையோ வீட்ல இதை மறந்துட்டு "மருந்து ஒத்துக்கல"ன்னு நிறுத்திடறாங்க. சிறுநீரகக் கோளாறு இருந்தா டாக்டர்கிட்ட சொல்லணும், மருந்தை மாத்துவாங்க. கண்டபடி தூங்கறாங்க, எழுப்பினா எழுந்திரிக்கல, மூச்சு ரொம்ப மெதுவாயிடுச்சு, கை கால் வெட்டி வெட்டி இழுக்குதுன்னா உடனே கூப்பிடுங்க.

இன்னொண்ணு, வலி வந்தப்புறம் குடுக்கற மருந்து இல்ல இது. வலி வர்றதுக்கு முன்னாடியே, சொன்ன நேரத்துக்குக் குடுத்துக்கிட்டே இருக்கணும். நடுவுல வலி பொத்துக்கிட்டு வந்தா குடுக்கறதுக்குன்னு தனி டோஸ் இருக்கும், அதையும் கேட்டு எழுதி ஒட்டி வெச்சுக்கங்க.

ரெய்க்கியா? தாராளமா பண்ணட்டும். யாரோ ஒருத்தர் அமைதியா பக்கத்துல உக்காந்து அவங்க மேல கவனம் வெச்சா அதுல ஆறுதல் இருக்கத்தான் செய்யும். மார்ஃபின் குடுத்து அரை மணி முக்கால் மணி கழிச்சு பண்ணச் சொல்லுங்க. வலியில துடிக்கறவங்க முன்னாடி கையை நீட்டிக்கிட்டு நிக்கறது எனக்கு ஆறுதலாத் தெரியல. பெரியவங்ககிட்ட நீங்க பேச வேண்டாம், டாக்டரையோ நர்ஸையோ பேச வைங்க, போன்ல ஸ்பீக்கர் போட்டாக்கூடப் போதும். உங்க மாமியார் பேசற நிலையில இருந்தா அவங்களையே கேளுங்க, "வலி மருந்து வேணுமாம்மா?"ன்னு. அவங்க சொல்றதுக்கு மேல அந்த வீட்ல யாரோட பேச்சும் இல்ல.

கேள்வி: அம்மா சாப்பிடறதே இல்ல, தண்ணி கூட ரெண்டு ஸ்பூன்தான். பட்டினி போட்டுக் கொல்ற மாதிரி இருக்கு. டிரிப்ஸ் போடலாமா?

உடம்பு அடங்கிக்கிட்டு வர்றப்போ பசியும் தாகமும் தானா குறைஞ்சிடும். சாப்பிடாததால அவங்க சாகல, உடம்பு மூடிக்கிட்டு வர்றதால சாப்பிட முடியல. இது தெரிஞ்சாலும் மனசு கேக்காதுங்கறது எனக்குத் தெரியும், ஒரு வாய் ஊட்டறதுதான் நமக்குத் தெரிஞ்ச அன்பு, அதைக் கையை விட்டுப் பிடுங்கிட்ட மாதிரி இருக்கும்.

டிரிப்ஸ் விஷயத்துல 2013ல ஒரு நல்ல ஆய்வு வந்துச்சு. ஹாஸ்பிஸ்ல இருந்த முத்தின கேன்சர் நோயாளிகள் 129 பேர், பாதிப் பேருக்கு தினம் ஒரு லிட்டர் சலைன், மீதிப் பேருக்கு 100 மில்லி மட்டும், யாருக்கு எதுன்னு அவங்களுக்கும் தெரியாது, பாத்துக்கறவங்களுக்கும் தெரியாது. களைப்பு, குழப்பம், வாழ்ந்த நாள் எதுலயும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. இன்னொரு பக்கம், உடம்பு வெளியேத்த முடியாத தண்ணி நுரையீரல்லயும் கால்லயும் தேங்கி மூச்சுத் திணறலைக் கூட்டலாம். எல்லாருக்கும் டிரிப்ஸ் தப்புன்னு சொல்லல, சில பேருக்கு ஒரு காரணத்துக்காகப் போடுவாங்க, டாக்டர்கிட்ட "இதனால இவங்களுக்கு என்ன சுகம் கிடைக்கும்"னு கேளுங்க. பதில் தெளிவா இருந்தா போடுங்க.

ஊட்டற கைக்கு வேற வேலை இருக்கு, அதான் வாய். தண்ணி குடிக்காததை விட வாய் காஞ்சு ஒட்டிக்கறதுதான் அவங்களுக்கு அவஸ்தை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது மெத்துன்னு இருக்கற ஸ்பாஞ்சையோ சின்ன பிரஷ்ஷையோ தண்ணியில நனைச்சு, நல்லா பிழிஞ்சுட்டு, உதட்டுக்கு உள்பக்கம், ஈறு, நாக்கு எல்லாம் மெதுவா தொடைச்சு விடுங்க. தண்ணிதான்னு இல்ல, அவங்களுக்குப் பிடிச்ச எதுல வேணா நனைக்கலாம், ருசி மட்டும் நாக்குல பட்டாப் போதும், முழுங்கத் தேவையில்ல. எலுமிச்சையும் கிளிசரினும் கலந்த பஞ்சுக் குச்சி முன்னாடி எல்லா இடத்துலயும் இருந்துச்சு, அது வாயை இன்னும் வறட்டுது, வேண்டாம். உதட்டுக்கு ஈரப்பசை இருக்கற கிரீம் தடவுங்க, ஆக்சிஜன் ஓடுனா பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், தண்ணி சேத்த கிரீமா பாத்து வாங்குங்க. நாக்குல வெள்ளையா படிஞ்சிருந்தா அது பூஞ்சையா இருக்கலாம், அதுக்கு மருந்து இருக்கு, சொல்லுங்க. முழிச்சு, தலையைத் தூக்கி உக்காந்திருந்து, தானா கேட்டா ரெண்டு வாய் குடுங்க. மயக்கத்துல இருக்கறவங்க வாய்க்குள்ள மட்டும் எதையும் ஊத்தாதீங்க, புரையேறிடும்.

கேள்வி: அண்ணனுக்கு நுரையீரல்ல கேன்சர். ஆக்சிஜன் அளவு நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாங்க, ஆனா மூச்சு முட்டுதுன்னு பயந்து எழுந்து உக்காந்துக்கறாரு.

ஒரு சின்ன ஃபேன் வாங்குங்க. கையில பிடிக்கற ஃபேன். மூக்கு, மேல் உதடு, கன்னம் இங்கெல்லாம் படற மாதிரி அரை அடி தூரத்துல இருந்து காத்து விடுங்க, அஞ்சு நிமிஷம். 2010ல வந்த ஒரு ஆய்வுல, 50 பேருக்கு முகத்துல ஃபேன் காத்து பட்டப்போ மூச்சுத் திணறல் குறைஞ்சுது, கால்ல பட்டப்போ அந்த அளவு குறையல. அதே வருஷம் 239 பேரை வெச்சுப் பண்ண இன்னொரு ஆய்வுல, ரத்தத்துல ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கறவங்களுக்கு டியூப்ல ஆக்சிஜன் குடுத்ததும் சாதா காத்து குடுத்ததும் ஒரே பலனைத்தான் குடுத்துச்சு. அதனால சிலிண்டருக்கு ஓடுறதுக்கு முன்னாடி ஜன்னலைத் திறங்க, முதுகுக்குத் தலையணை வெச்சு சாய்ச்சு உக்கார வைங்க, முன்னாடி ஒரு மேஜை போட்டுக் கையை ஊன்றிக்கச் சொல்லுங்க. சுத்தி நிக்கற கூட்டத்தைக் குறைங்க. "மூச்சை உள்ள இழு"ன்னு சொல்லாதீங்க, மெதுவா வெளிய விடறதைப் பத்தி மட்டும் பேசுங்க, நீங்களும் கூடச் சேந்து விடுங்க. இதுக்கும் கொஞ்ச அளவு மார்ஃபின் உதவும், டாக்டர்கிட்ட கேளுங்க.

கேள்வி: தாத்தா ரெண்டு நாளா கண்ணு திறக்கல. அவருக்குப் பிடிச்ச பாட்டைப் போடறோம். கேக்குமா அவருக்கு?

கேக்குதுன்னு வெச்சுக்கிட்டே நடந்துக்கங்க. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரங்க ஹாஸ்பிஸ்ல இருந்தவங்களோட மூளை அலைகளை அளந்து பாத்து 2020ல எழுதினாங்க. எதுக்கும் அசையாம கிடந்த சிலரோட மூளையும் ஒலி மாறினப்போ, ஆரோக்கியமா இருக்கறவங்க மூளை மாதிரியே எதிர்வினை காட்டுச்சு. ரொம்பச் சின்ன ஆய்வு, கேட்டதை அவங்க புரிஞ்சுக்கிட்டாங்களான்னு அது சொல்லல. இருந்தாலும் தாத்தா கட்டில் பக்கத்துல நின்னு சொத்து, செலவு, சண்டை பேசாம இருக்க இதுவே எனக்குப் போதுமான காரணம்.

பாட்டுன்னா நாள் பூரா ஓட விடாதீங்க. அரை மணி பாட்டு, அப்புறம் அமைதி. சத்தம் கம்மியா. பழகின பாட்டு மனசைக் கிளறவும் செய்யும், கண்ணுல தண்ணி வந்தா பயப்பட வேண்டாம், ஆனா முகம் இறுகினா மாத்திடுங்க. ரெக்கார்டை விட உங்க குரல்ல பாடினா இன்னும் நல்லது, சுதி சேரலன்னாலும் பரவாயில்ல. பாட்டே பிடிக்காதவர்னா, அவர் வழக்கமா படிக்கறதை வாசிச்சுக் காட்டுங்க, பேரப் பிள்ளைங்க என்ன பண்றாங்கன்னு சொல்லுங்க. பேசறதுக்கு முன்னாடி யார் வந்திருக்கீங்கன்னு பேர் சொல்லுங்க.

கேள்வி: ஒருத்தர் மூலிகைப் பொடி தர்றாரு, கடைசி ஸ்டேஜ் கூட குணமாகுமாம், ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தணுமாம்.

மருந்தை நிறுத்தச் சொல்றவரை வீட்டு வாசப்படியிலேயே நிறுத்துங்க. மூலிகைங்கறதாலேயே தீங்கில்லன்னு ஆயிடாது. உதாரணமா செயின்ட் ஜான்ஸ் வோர்ட்னு ஒரு மூலிகை பல மருந்துகளோட வேலையையே கெடுத்துடும், ஜின்கோங்கற இன்னொரு மூலிகை ரத்தக் கசிவைக் கூட்டலாம். ஈரல் ஏற்கனவே தளந்து போயிருக்கும், அதுக்கு மேல ஒரு சுமை. உங்க ஆளுக்கு ஒரு கஷாயம் குடிச்சா மனசுக்கு நல்லா இருக்குன்னா, அதுல என்ன இருக்குன்னு டாக்டர்கிட்ட காட்டிட்டுக் குடுங்க, மறைக்காதீங்க. சாகற நேரத்துல ஒரு குடும்பத்துக்கு நம்பிக்கையை விலைக்கு விக்கறவங்க மேல எனக்கு இருக்கற கோவத்தை இங்க எழுதினா பக்கம் பத்தாது.

கேள்வி: எனக்குத்தான் நோய். இன்னும் சில மாசம்னு தெரியும், பயம் பெருசா இல்ல. ஆனா யாருக்கும் எதுக்கும் உதவாம ஒரு பொருள் மாதிரி கட்டில்ல கிடக்கறதுதான் தாங்க முடியல. வந்து பாக்கறவங்க எல்லாம் கட்டிலைச் சுத்தி நின்னு என்னைப் பத்தி மத்தவங்ககிட்ட பேசறாங்க. எனக்கு ஏதாவது தெரபி இருக்கா?

ஐயா, இருக்கு. கேட்டதுக்கு நன்றி, இந்தப் பக்கத்துக்கு எழுதறவங்கள்ல நோயாளியே எழுதறது ரொம்ப அபூர்வம்.

கனடாவுல ஹார்வி சோச்சினோவ்னு ஒரு மனநல மருத்துவர், நீங்க சொல்ற இதே உணர்வைத்தான் பல வருஷமா ஆராய்ஞ்சாரு. அவரும் அவரோட சேந்தவங்களும் டிக்னிட்டி தெரபின்னு ஒண்ணை உருவாக்கினாங்க. பயிற்சி எடுத்த ஒருத்தர் உங்க பக்கத்துல ஒரு மணி நேரம் போல உக்காந்து கேள்வி கேப்பாரு: உங்க வாழ்க்கையில எந்தக் காலத்துல நிறைஞ்சு வாழ்ந்ததா தோணுது, எதைப் பண்ணதுக்குப் பெருமைப்படறீங்க, வீட்ல இருக்கறவங்களுக்கு எதைச் சொல்லணும், எதைத் திரும்பவும் சொல்லணும், இப்படி. பேசறதை ரெக்கார்ட் பண்ணி, எழுத்துல கொண்டு வந்து, ஒழுங்குபடுத்தி, உங்களுக்கே படிச்சுக் காட்டுவாங்க, நீங்க திருத்துவீங்க, அப்புறம் அது நீங்க சொல்ற ஆளுக்குப் போகும். 2011ல பெருசா ஒரு ஆய்வு பண்ணப்போ மனவேதனையோட அளவுல மத்த கவனிப்பை விட பெருசா வித்தியாசம் தெரியல, அதை மறைக்கக் கூடாது. ஆனா செஞ்சுக்கிட்டவங்க இது உதவுச்சுன்னும், வீட்டுக்காரங்க தங்களைப் பாக்கற பார்வை மாறும்னு நம்பறதாவும் அதிகமா சொன்னாங்க. நீங்க கேக்கறதும் அதைத்தானே.

பயிற்சி எடுத்தவர் கிடைக்கலன்னா, உங்க பேச்சைப் பொறுமையா கேக்கற ஒருத்தரைக் கூப்பிட்டு, போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணச் சொல்லுங்க. ஒரே நாள்ல முடிக்க வேண்டாம், களைப்பு இல்லாத நேரமா பாத்து இருபது நிமிஷம். யாரையாவது காயப்படுத்தற விஷயம் வந்துடுச்சுன்னா அடுத்த நாள் கேட்டுப் பாத்துட்டு வெச்சுக்கறதா எடுத்துடறதான்னு முடிவு பண்ணுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச தொழில், கணக்கு, செடி வளக்கறது, எதுவானாலும் யாருக்காவது இன்னும் சொல்லித் தர முடியுதுன்னா அதையும் ரெக்கார்ட் பண்ணுங்க.

அப்புறம் அந்த நின்னுக்கிட்டுப் பேசறவங்க. ஒரு நாற்காலியைக் கட்டில் பக்கத்துல நிரந்தரமா போடச் சொல்லுங்க. வர்றவங்க உக்காந்து, உங்க கண்ணைப் பாத்து, உங்ககிட்டதான் பேசணும்னு வீட்டுக்காரங்க மூலமா சொல்லி வைங்க. அப்படிச் சொல்ற உரிமை உங்களுக்கு முழுசா இருக்கு. எந்த நேரம் குளிக்கறது, எந்த சட்டை போடறது, யார் உள்ள வரலாம், லைட் எரியலாமா கூடாதா, இதையெல்லாம் உங்களைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும். இதைப் படிக்கற குடும்பத்துக்காரங்க தயவுசெஞ்சு இந்தக் கடிதத்தை ரெண்டு தடவை படிங்க.

கேள்வி: பாட்டிக்குத் தொண்டையில கர்கர்னு சத்தம் வருது. மூச்சுத் திணறுதா? கேக்கவே முடியல.

விழுங்கவும் இருமவும் பலம் இல்லாததால எச்சிலும் சளியும் தொண்டையில தங்கி, மூச்சு போறப்போ அந்தச் சத்தம் வருது. அந்தக் கட்டத்துல பெரும்பாலும் அவங்க ஆழ்ந்த மயக்கத்துல இருப்பாங்க, நெத்தி சுருங்காம முகம் அமைதியா இருந்தா அவங்களுக்கு அவஸ்தை இல்லன்னு எடுத்துக்கலாம். ஒரு பக்கமா சாய்ச்சுப் படுக்க வைங்க, தலையைக் கொஞ்சம் உயத்துங்க. சுரப்பைக் குறைக்கற மருந்து இருக்கு, சீக்கிரம் குடுத்தாத்தான் பலன் இருக்கும், நர்ஸைக் கேளுங்க. மூச்சு நடுவுல நின்னு நின்னு வர்றது, கை கால் குளுந்து நீலமா திட்டுத் திட்டா ஆகறது, இதெல்லாமும் நேரம் நெருங்கறதோட அடையாளம்தான். ஹீட்டிங் பேட் வைக்காதீங்க, அவங்களுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துடும், மெல்லிசான போர்வை போதும்.

கேள்வி: கணவரைப் பாத்துக்கறதுல நான் தூங்கி எத்தனை நாளாச்சுன்னே தெரியல. அவரை விட்டுட்டு அரை மணி வெளிய போனாக்கூட குற்ற உணர்ச்சியா இருக்கு.

போங்கம்மா. உலக சுகாதார நிறுவனம் பாலியேட்டிவ் கேர்னு சொல்றதுலயே நோயாளியோட குடும்பமும் சேத்தி, நீங்களும் எங்க கவனிப்புக்குள்ள இருக்கற ஆள்தான். "ஏதாவது உதவி வேணுமா"ன்னு கேக்கறவங்ககிட்ட "இல்ல பரவாயில்ல"ன்னு சொல்லாம, "செவ்வாக்கிழமை ராத்திரி பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் நீங்க முழிச்சிருங்க"ன்னு நேரத்தோட சொல்லுங்க. இன்னொண்ணு, சில பேர் எல்லாரும் ரூம்ல இருக்கறப்போ இருந்துட்டு, கூட இருக்கறவங்க அஞ்சு நிமிஷம் வெளிய போனப்போ உயிரை விட்டுடறாங்க. அப்படி நடந்தா நீங்க கைவிட்டுட்டதா அர்த்தம் இல்லம்மா. இதை இப்பவே சொல்லி வைக்கறேன்.

கேள்வி: எட்டு வயசுப் பையன். தாத்தாவைப் பாக்க உள்ள விடலாமா?

அவனையே கேளுங்க. வர்றேன்னு சொன்னா, உள்ள போறதுக்கு முன்னாடி என்ன பாப்பான்னு சொல்லிடுங்க: தாத்தா இளைச்சுப் போயிருக்காரு, மூக்குல டியூப் இருக்கு, பேச மாட்டாரு, ஆனா நீ பேசலாம். "தூங்கறாரு", "ஊருக்குப் போறாரு"ன்னு சொல்லாதீங்க, அப்புறம் தூங்கவே பயப்படுவான். "சாகப் போறாரு"ங்கற வார்த்தையையே சொல்லலாம். இது அவன் பண்ண எதனாலயும் வந்ததில்ல, அவனுக்கு ஒட்டிக்காதுங்கறதையும் சேத்துச் சொல்லுங்க, கேக்காட்டியும் அவன் மனசுல அது ஓடிக்கிட்டு இருக்கும். கையில கிரீம் தடவற வேலை குடுக்கலாம், சின்னப் பிள்ளைங்க அதை அழகா பண்ணுவாங்க. நடுவுல வெளிய ஓடிட்டா விட்டுடுங்க, திரும்ப வந்தா கதவு திறந்திருக்கட்டும். வர மாட்டேன்னு சொன்னா வற்புறுத்தாதீங்க. ஸ்கூல்ல கிளாஸ் டீச்சர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.